போர்க்கால லாரியைப் புதுப்பிக்கிறீர்களா? பிளாஸ்டிங் அடிக்கும் முன் இதைப் படியுங்கள்

புதுச்சேரியிலும் கடலூரிலும் இப்போது நிறைய இளம் பிள்ளைகள் பழைய ராணுவ ஜீப், போர்க்கால லாரி, தீயணைப்பு வண்டி என்று தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். காயலாங்கடையில் எடைக்குப் போக வேண்டிய வண்டிகள் அவை. ஆனால் எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். பெட்ரோல் டேங்கைக் கழுவாமல் ஸ்டார்ட் செய்யாதே, போட்டோ எடுக்காமல் கழற்றாதே என்பதையெல்லாம் எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுவார், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கழற்றிய கையோடு பிளாஸ்டிங் அடிப்பது

பிளாஸ்டிங் என்றால் காற்றழுத்தத்தில் மணலோ வேறு தூளோ அடித்துப் பழைய பெயின்ட்டையும் துருவையும் உரிப்பது. இதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். மற்ற தவறுகளைச் செலவு செய்தாவது சரிக்கட்டலாம், இதை முடியாது.

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஒரு தம்பி, நெல்லிக்குப்பம் தாண்டி ஒரு தோப்பில் கிடந்த கனடா செவ்ரோலே லாரி ஒன்றை வாங்கினார். 15 ஹண்ட்ரட்வெயிட் வகை, அதாவது முக்கால் டன் ஏற்றுகிற சின்ன லாரி. போர் முடிந்ததும் டிஸ்போசலில் ஏலம் போய், கடைசியில் ஏதோ ஓர் ஆலையில் தீயணைப்பு வண்டியாக நின்றது என்று விற்றவர் வீட்டில் சொன்னார்களாம். இரண்டாம் உலகப் போரில் கனடாவில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் ஒரே மாதிரியில் சுமார் 4 லட்சம் ராணுவ லாரிகள் செய்தன, இந்தியாவுக்கும் ஏராளமாக வந்தன, டாடாநகரில் கவச வண்டி கட்டியதே இந்த வகைச் சேசிஸ் மேல்தான். அப்படி வந்ததில் நம் பக்கம் கேபினோடு ஒன்று மிஞ்சியிருப்பது அபூர்வம். நான் வந்து பார்க்கிற வரைக்கும் தொடாதீர்கள் தம்பி என்று போனில் சொன்னேன். ஆர்வத்தில் அவருக்குப் பொறுக்கவில்லை. படகு வேலை பார்க்கிற ஒரு யார்டில் கொடுத்து பானட், கதவு, மட்கார்டு, பின்பலகை எல்லாவற்றையும் வெறும் இரும்பாகும்வரை அடித்து வாங்கிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது, "எப்படிண்ணே இருக்கு?" என்று முகம் மலரக் கேட்டார். எனக்கு வாயே வரவில்லை.

தப்பியது ஒன்றே ஒன்று. வீட்டுக் கொட்டகையில் மறந்து வைத்திருந்த டூல்பாக்ஸ் மூடி. அதன் உள்பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். நறுக்கிய வெங்காயம் மாதிரி வட்டம் வட்டமாக வந்தது: மேலே சிவப்பு, அடுத்து சாம்பல், அதற்கும் கீழே ஆலிவ் பச்சை, அதன் அடியில் பழுப்பு, கடைசியில் பிரைமர். அந்த லாரியின் வாழ்க்கை மொத்தமும் அந்த ஒரு வட்டத்தில் இருந்தது. போரின் நடுப்பகுதியில் பிரிட்டிஷ் ராணுவத்தின் அடிப்படை நிறம் எஸ்.சி.சி. 2 என்ற பழுப்பு. 1944 ஏப்ரலில் எஸ்.சி.சி. 15 என்ற ஆலிவ் பச்சைக்கு மாறினார்கள். அடியில் பழுப்பு, மேலே பச்சை என்றால், அந்த மாற்றத்துக்கு முன்பே ராணுவத்தில் சேர்ந்து, பிறகு மறுபெயின்ட் பார்த்த வண்டி என்று படிக்கலாம். சாம்பலும் சிவப்பும் ராணுவத்தை விட்டு வெளியே வந்த பிறகு ஏறியவையாக இருக்கும். இது மூடி சொல்வது மட்டும்தான். பானட் என்ன சொல்லியிருக்கும் என்று இனி யாருக்கும் தெரியாது.

பானட்டில்தான் முக்கியமானது இருந்திருக்கும். பிரிட்டிஷ் போர்த்துறையின் எண்ணை அதன் பக்கவாட்டில்தான் பெயின்ட்டால் எழுதுவார்கள், முன்னால் ஓர் ஆங்கில எழுத்து வரும். பெரிய லாரிக்கு எல், 15 ஹண்ட்ரட்வெயிட்டுக்கும் அதற்குக் கீழும் இசட், காருக்கும் ஜீப்புக்கும் எம், ஆம்புலன்ஸுக்கு ஏ. அந்த எண் கிடைத்தால் எந்த ஒப்பந்தத்தில் வந்த வண்டி என்று பிடித்துவிட வழி உண்டு. அது போனால் நீங்கள் எழுதுகிற எண் கற்பனை எண்.

இத்தனைக்கும் அதைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தகட்டோடு படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். மேலே நாலு கோட் பெயின்ட் இருந்தாலும் அடியிலுள்ள எழுத்தின் விளிம்பு மேடாகத் தெரியும். பட்டர் பேப்பர் வைத்து பென்சிலால் நகல் எடுங்கள். அப்புறம் அந்த இடத்தை 600 வாட்டர் பேப்பரில் தொடங்கி 1000, 1500 என்று மெதுவாக, ஒவ்வொரு கோட்டாக இறக்குங்கள். அவசரப்பட்டு 80ஐ எடுத்தீர்களோ, எண்ணும் சேர்ந்து போய்விடும். நிறம் பார்க்க வெயில் படாத இடங்களைத் தேடுங்கள்: சீட்டுக்கு அடியில், டேஷ்போர்டின் பின்பக்கம், ரிவெட் அடித்த தகவல் தகட்டுக்குக் கீழே. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து நிழல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், நேர் வெயிலில் பச்சையே பழுப்பாகத் தெரியும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்பதால் எப்போதும் ஈரத்தோடுதான் தேய்க்க வேண்டும், மாஸ்க்கும் வேண்டும். வடிகிற தண்ணீரைத் தோட்டத்தில் கொட்டக் கூடாது.

பதிவெல்லாம் முடிந்த பிறகு சேசிஸுக்கும் ஆக்சிலுக்கும் தாராளமாக பிளாஸ்டிங் அடியுங்கள், அவை கனமானவை, தாங்கும். மெல்லிய தகட்டை மட்டும் கொடுக்காதீர்கள். அந்தத் தம்பியின் பானட் நடுவில் ஒரு விரல் உயரத்துக்கு உப்பிக்கொண்டது, டிங்கர் எவ்வளவு தட்டியும் முழுசாக இறங்கவில்லை, கடைசியில் பட்டி வைத்து மூடினார்கள். பாடியைத் திரும்பக் கொண்டுவந்த அன்று சாயங்காலமே கடல் காற்றில் மொத்தமும் செம்மஞ்சளாகத் துருவேறிவிட்டது. நம் ஊரில் வெறும் இரும்பு ஒரு ராத்திரி தாங்காது, பிரைமர் அடிக்க ஆள் நிற்கும்போதுதான் பிளாஸ்டிங் அடிக்க வேண்டும். இன்னொன்று, ஆற்று மணலில் அடிக்கிற யார்டுக்குப் போகவே போகாதீர்கள். அந்தத் தூசி வேலையாளின் நுரையீரலை அரித்துவிடும், பிரிட்டனில் 1949லேயே மணலுக்குத் தடை போட்டார்கள். கார்னெட் மாதிரி வேறு தூள் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கண்டதற்கெல்லாம் வெள்ளை நட்சத்திரம்

அதே லாரிக்கு அடுத்து நடந்தது இது. அடையாளம் எல்லாம் போய்விட்டதால் படத்தில் பார்த்த ஞாபகத்தில் பானட்டில் அமெரிக்க ராணுவ வண்டிகளில் இருப்பது போல ஒரு பெரிய வெள்ளை நட்சத்திரம் வரைந்துவிட்டார்கள்.

நட்சத்திரமே தப்பு என்று சொல்லவில்லை. 1944ல் ஐரோப்பாவில் பிரிட்டிஷ் வண்டிகளிலும் அது இருந்தது, பர்மாவில் டாங்குகளில்கூட உண்டு. உங்கள் வண்டியில் இருந்ததா என்பதுதான் கேள்வி. வண்டி இருந்த டிவிஷனின், அதாவது படைப்பிரிவின், சின்னத்துக்கும் இதே கதை. 4ஆவது இந்திய டிவிஷனுக்குச் சிவப்புக் கழுகு, 5ஆவதுக்குக் கறுப்பில் சிவப்பு வட்டம், 17ஆவதுக்குக் கறுப்புப் பூனை. கழுகு அழகாக இருக்கிறது என்று அதை எழுதிவிட்டுப் பக்கத்தில் பர்மா என்று போர்டு வைக்கிறார்கள். 4ஆவது டிவிஷன் சண்டை போட்டது ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும். ஆதாரம் இல்லை என்றால் அந்த இடத்தை வெறுமனே விடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

தீயணைப்பு வண்டி என்றால் சிவப்புதான் என்று நினைப்பது

பிரிட்டனில் 1941 ஆகஸ்டில் ஊர் ஊராக இருந்த தீயணைப்புப் படைகளை ஒன்றாக்கி தேசியத் தீயணைப்புப் படை அமைத்தார்கள். அதன் போர்க்கால வண்டிகள் சாம்பல் நிறம். ஆஸ்டின் கே2 வண்டி பின்னால் டிரெய்லர் பம்ப்பை இழுத்துக்கொண்டு போகும், முகப்பு விளக்குக்கு இருட்டடிப்பு மூடி, மட்கார்டு ஓரத்தில் வெள்ளைப் பட்டை. அதே ஆஸ்டினுக்கு ரத்தச் சிவப்பும் தங்கக் கோடும் அடித்து, பித்தளை மணியைப் பாலிஷ் போட்டு நிறுத்தினால், எந்தக் காலத்து வண்டி அது? குண்டு விழுகிற ராத்திரியில் பளபளப்பு எதுவும் வேண்டாம் என்று இருந்த காலம். பச்சை நிற பெட்ஃபோர்ட் தீயணைப்பு வண்டியைப் போர்க்கால வண்டி என்று விற்க வந்தாலும் ஏமாறாதீர்கள், அது 1950களில் செய்தது.

புதுச்சேரிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. 1954 வரை இங்கே பிரெஞ்சு ஆட்சி. பிரெஞ்சு ஹோஸ் கப்ளிங்கில் இரண்டு முனையும் ஒன்றுபோலவே இருக்கும், நம் ஊரில் இன்று புழங்குகிற 63 மி.மீ. கப்ளிங்கில் ஆண் பெண் வேறு வேறு. பழைய வீட்டிலோ ஆலையிலோ ஒரு பம்ப் கிடைத்தால், பொருந்தவில்லை என்று கப்ளிங்கை அறுத்து எறியாதீர்கள். பம்ப் எங்கிருந்து வந்தது என்று சொல்ல அது ஒன்றே மிஞ்சியிருக்கலாம்.

சக்கர நட்டு

கனடா லாரிகளிலும் போர்க்கால ஜீப்புகளிலும் ரிம் இரண்டு பாதியாக இருந்து நட்டால் சேர்ந்திருக்கும். காற்று இருக்கும்போது அந்த நட்டைக் கழற்றினால் ரிம் பிளந்து முகத்தில் அடிக்கும், ஆள் செத்துப்போவார். வால்வு ஊசியையே எடுத்துவிட்டு, காற்று முழுக்க இறங்கிய பிறகு ஸ்பேனரைத் தொடுங்கள். பிரிட்டிஷ் ராணுவத்தில் இந்த நட்டுகளுக்கு மட்டும் சிவப்பு பூசினார்கள், நீங்களும் பூசிவிடுங்கள். பஞ்சர் கடைப் பையனுக்கு இது தெரிந்திருக்காது, பக்கத்திலேயே நில்லுங்கள்.

மஹிந்திராவை 1943 வில்லிஸ் ஆக்குவது

கிரில்லில் ஒன்பது துளை இருந்தால் போர்க்காலத்தில் வில்லிஸோ ஃபோர்டோ செய்த ஜீப். ஏழு துளையும் உயர்ந்த பானட்டும் என்றால் நம் மஹிந்திராவின் சி.ஜே. 3பி, அது போருக்குப் பிறகு வந்த மாடல். கிரில்லை மாற்றி ஏமாற்றுவதைவிட அதையே நல்ல மஹிந்திராவாகப் புதுப்பியுங்கள், அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஃபோர்டு ஜீப் என்றால் போல்ட் தலைகளில்கூட எஃப் எழுத்து இருக்கும். துருப்பிடித்தது என்று பழைய போல்ட்டை அள்ளிப் போட்டுவிட்டுப் புது போல்ட் டப்பா வாங்குகிறவர்கள் கடைசியில் ஒவ்வொரு எஃப் போல்ட்டாக சென்னை புதுப்பேட்டையில் தேடி அலைகிறார்கள்.

12 வோல்ட்டுக்கு மாற்றுவது

போர்க்கால ஜீப் 6 வோல்ட். தடித்த கேபிள் போட்டு எர்த் பாயின்ட்டைச் சுரண்டினாலே செல்ஃப் எடுக்கும்.

சேசிஸ் எண் மேல் வெல்டிங்

ஃபோர்டு ஜீப்பில் எண்ணை இடது சேசிஸ் சட்டத்தின் மேல்பக்கம், என்ஜினுக்கு முன்னால் குத்தியிருப்பார்கள். வில்லிஸில் அந்தப் பக்கத்துச் சட்டத்தின் உள்பக்கம் ரிவெட் அடித்த தகட்டில் இருக்கும். துருப்பிடித்த இடம் என்று வெல்டர் அதன் மேலேயே பட்டை வைத்து ஒட்டிவிடுவார், அல்லது கிரைண்டர் டிஸ்க்கால் இழுத்துவிடுவார். வேலை தொடங்கும் முன் நீங்களே அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக் காட்டுங்கள்.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்த்த விண்டேஜ் பதிவுக்கும் இது தொடர்புடையது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், தினமும் ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் ரேலிக்கும் எடுக்கலாம். அந்த விதி இருசக்கர வாகனங்களுக்கும் கார் வகைக்கும்தான், லாரிக்கு இல்லை. ஆகவே லாரி வாங்குகிறவர்கள் ஆர்.சி. உயிரோடு இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.