உருளைக்கிழங்குக் கிண்ணத்தில் சவ்வூடு பரவல்: வீட்டிலேயே செய்து பார்ப்போம்

பச்சடிக்கு வெங்காயத்தை அரிந்து, உப்புப் போட்டுப் பிசறி வைத்தால் பத்து நிமிடத்தில் பாத்திரத்தின் அடியில் தண்ணீர் விட்டிருக்கும். அவ்வளவும் வெங்காயத்தின் செல்களுக்குள் இருந்த தண்ணீர். ஆனால் அரியும்போதே நிறைய செல்கள் கிழிந்துவிடுவதால், எவ்வளவு கசிந்தது, எவ்வளவு செல் சவ்வைக் கடந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. உருளைக்கிழங்கில் செய்தால் அது தெளிவாகத் தெரியும்.

நடுத்தர அளவில் மூன்று உருளைக்கிழங்கு, சர்க்கரை, கத்தி, ஒரு டீஸ்பூன், ஓரம் உயர்ந்த ஒரு தட்டு. இவ்வளவுதான் தேவை.

1. ஒரு கிழங்கை மட்டும் வேகவையுங்கள்

குழைய விட வேண்டாம், கத்தி இறங்கும் பதம் போதும். நன்றாக ஆற விடுங்கள். பலரும் இந்தக் கிழங்கை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் வைத்துச் சோதனையை முடித்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தச் சோதனையின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

2. கிண்ணம் குடையுங்கள்

மூன்றையும் தோல் சீவுங்கள். தோலில் தக்கை போன்ற ஓர் அடுக்கு உண்டு, அது தண்ணீரை எளிதில் விடாது. அடியைத் தட்டையாக நறுக்கினால் கிழங்கு ஆடாமல் நிற்கும். மேல்பக்கத்தை வெட்டிவிட்டு, ஸ்பூனால் குழி தோண்டுங்கள். சுவரும் அடியும் ஒரு விரல் கனம் இருக்கட்டும்.

முதல் முறை செய்தபோது ஸ்பூனை அழுத்திக் குடைந்ததில் அடியில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தது எனக்குத் தெரியவில்லை. குழியில் தண்ணீர் ஏறியதைப் பார்த்துச் சோதனை சரியாக வந்துவிட்டது என்றே நம்பினேன். அதனால் இப்போதெல்லாம் குழியில் தண்ணீர் ஊற்றி, கிண்ணத்தை ஒரு செய்தித்தாள் மேல் ஐந்து நிமிடம் வைத்துப் பார்க்கிறேன். தாள் நனையவில்லை என்றால் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் துணியால் ஒற்றி எடுத்துவிடலாம்.

3. தட்டில் வையுங்கள்

ஒரு பச்சைக் கிழங்கின் குழியில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. இன்னொரு பச்சைக் கிழங்கை வெறுமனே விடுங்கள். வெந்த கிழங்கின் குழியிலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. தட்டில் கிண்ணங்களின் பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். விளிம்பைத் தாண்டி உள்ளே வழியக் கூடாது. நான்கு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். வெட்டிய இடம் பழுப்பாக மாறினால் கவலைப்பட வேண்டாம், அது வேறு வேதிவினை.

4. என்ன நடந்தது?

சர்க்கரை போட்ட பச்சைக் கிண்ணத்தில் பாகு மாதிரி தண்ணீர் தேங்கியிருக்கும். வெறும் கிண்ணத்தில் ஒன்றும் இருக்காது. வெந்த கிண்ணத்தில் சர்க்கரை நனைந்திருக்கும், ஆனால் பச்சைக் கிண்ணத்தில் போலத் தண்ணீர் ஏறியிருக்காது.

பச்சைக் கிண்ணத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். குழியின் ஈரத்தில் சர்க்கரை கரைந்து அடர்ந்த கரைசலாகிறது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் செல்லில் கரைபொருள் குறைவு. அதனால் அந்தச் செல்லின் தண்ணீர் சவ்வைக் கடந்து குழிக்குள் வருகிறது. இப்போது அந்தச் செல்லின் சாறு அடர்ந்துவிட்டது, அது தன் பக்கத்துச் செல்லிலிருந்து தண்ணீரை வாங்கிக்கொள்கிறது. இப்படியே செல் செல்லாகக் கைமாறி, கடைசியில் தட்டிலிருக்கும் தண்ணீர் உள்ளே வந்து சேர்கிறது. இதைத்தான் சவ்வூடு பரவல் என்கிறோம். தண்ணீர் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டுதான் இருக்கும். அடர்த்தியான பக்கம் போவது அதிகம், அவ்வளவுதான்.

சரி, வெந்த கிழங்கில் அதே சர்க்கரை, அதே தண்ணீர்தானே? ஒரே வித்தியாசம் சவ்வு. கொதிக்கும் சூட்டில் செல் சவ்வு சிதைந்துவிடுகிறது. தண்ணீரை விட்டுச் சர்க்கரையைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை, சர்க்கரையும் வெளியே போய்விடுகிறது. ‘சர்க்கரை தண்ணீரை இழுக்கிறது’ என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் இந்த மூன்றாவது கிண்ணத்துக்குப் பதில் கிடைக்காது.

சவ்வில் உள்ள கதவுகள்

செல் சவ்வு என்பது இரண்டு அடுக்குக் கொழுப்புப் படலம். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் அதில் நேராகப் புகுந்து போய்விடும். தண்ணீர் விரைவாகக் கடக்க அக்வாபோரின் என்ற புரத வழிகள் இருக்கின்றன. இவற்றைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சர்க்கரைக்கும் உப்புக்கும் தனித்தனிக் கதவுகள். நம் சிறுகுடல் செல்களில் உள்ள ஒரு புரதம் சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்தே உள்ளே எடுத்துக்கொள்ளும், தண்ணீரும் பின்னாலேயே போகும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொடியில் உப்பும் குளுக்கோஸும் சேர்ந்தே இருப்பது இதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 1 லிட்டர் தண்ணீருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். பாக்கெட்டில் சொன்ன அளவைவிடக் குறைவான தண்ணீரில் கரைத்துவிடாதீர்கள். கரைசல் அடர்ந்துபோனால் நம் கிண்ணத்தில் நடந்ததே குடலிலும் நடந்து, உடம்பின் தண்ணீர் குடலுக்குள் வந்துவிடும்.

இன்னொரு வகைக் கதவு சக்தியைச் செலவழித்து வேலை செய்யும். சோடியம்-பொட்டாசியம் பம்ப் ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கும். இதற்குச் செயல்மிகு கடத்தல் என்று பெயர்.

5. இன்னும் ஒரு சோதனை

இன்னொரு பச்சைக் கிழங்கிலிருந்து விரல் நீளத்துக்கு இரண்டு மெல்லிய துண்டுகள் நறுக்குங்கள். ஒன்றை நல்ல தண்ணீரிலும், மற்றதை இரண்டு டீஸ்பூன் உப்புக் கரைத்த ஒரு தம்ளர் தண்ணீரிலும் போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்து வளைத்துப் பாருங்கள். முதல் துண்டு விறைப்பாக நிற்கும், உப்புத் தண்ணீரில் இருந்தது துவண்டு தொங்கும். துவண்டதைக் கழுவி நல்ல தண்ணீரில் போட்டால் கொஞ்சம் கொஞ்சமாக விறைப்பு திரும்பும். இரவு முழுக்க உப்புத் தண்ணீரிலேயே விட்டுவிட்டால் பல செல்கள் செத்துவிடும், அப்புறம் பழைய விறைப்பு முழுதாக வராது.