மென்பொருள் பொறியியல் பாடத்தை வடிவமைப்பது எப்படி? முதல்முறை எடுப்பவர்களுக்கு

இந்தப் பருவம் மென்பொருள் பொறியியல் உங்கள் பாடம் என்று சொல்லிவிட்டார்கள். கையில் இருப்பது பழைய பாடத்திட்டம்: அருவி மாதிரி, சுழல் மாதிரி, அஜைல் என்று மென்பொருள் உருவாக்கும் முறைகள், அலகு அலகாக. அதை அப்படியே நடத்தினால் மாணவர்கள் மாதிரிகளின் பெயரை ஒப்பித்துத் தேறிவிடுவார்கள். வேலைக்குப் போன பிறகு, வேறு யாரோ எழுதிய நிரலைத் திறந்துவைத்துத் திகைப்பார்கள். நான் இந்தப் பாடத்தைப் பிரித்துக் கட்டிய முறையைக் கீழே தருகிறேன். கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி), நிரல் சோதனை இரண்டும் உங்களுக்குப் பழக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: முடிவிலிருந்து தொடங்குங்கள்

வாரப் பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள். பருவம் முடியும்போது மாணவர் எதைச் செய்து காட்ட வேண்டும் என்று நான்கைந்து வாக்கியங்களில் எழுதுங்கள். “அஜைல் முறையைப் புரிந்துகொள்வார்” என்று எழுதினால் எதைப் பார்த்து மதிப்பெண் போடுவீர்கள்? “தான் எழுதாத நிரலில் ஒரு பிழையைத் தேடிப் பிடித்து, அதைக் காட்டும் சோதனையை முதலில் எழுதி, பிறகு திருத்துவார்” என்று எழுதுங்கள். தேர்வும் அதிலேயே கிடைத்துவிடும். கல்வியியலாளர் ஜான் பிக்ஸ் 1996இல் எழுதியதும் இதைத்தான்: நோக்கம், கற்பித்தல், மதிப்பீடு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

படி 2: ப்ராஜெக்டைப் பாதியில் கைமாற்றுங்கள்

வழக்கமாக ஒவ்வொரு அணியும் ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கி எதையாவது கட்டி, கடைசி வாரம் டெமோ காட்டிவிட்டுப் போகும். அந்த நிரலை அதற்கப்புறம் யாரும் தொடுவதில்லை. பொறியியல் தேவைப்படுவதே வேறொருவர் தொடும்போதுதான். அதனால் பருவத்தின் நடுவில் ஓர் அணியின் நிரலை இன்னோர் அணியிடம் கொடுத்து, புதிய வசதி ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். எழுதியவர்களிடம் நேரில் கேட்கக் கூடாது. நிரல் இருக்கும் தளத்தில் இஷ்யூவாக, அதாவது எழுத்தில் பதிந்துதான் கேட்க வேண்டும்.

கைமாறும் அன்று ஆய்வகத்தில் ஒரு சுற்று வாருங்கள். நிரலோடு வரும் விளக்கக் கோப்பான ரீட்மீயில் “நிறுவி இயக்கவும்” என்று ஒரே வரி இருக்கும். எந்தப் பதிப்பு, எந்தத் தரவுத்தளம், அமைப்புக் கோப்பு எங்கே, ஒன்றும் இருக்காது. ஆவணத்தின் அருமையை அன்றைக்கு நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை.

சோதனை பற்றிய விரிவுரையையும் அந்த வாரத்துக்கே நகர்த்துங்கள். ஏரியான் 5 ராக்கெட்டை அதில் கட்டாயம் சேருங்கள். 1996 ஜூன் 4 அன்று அது புறப்பட்டு 40 வினாடி வாக்கில் சிதறியது. ஏரியான் 4இல் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த நிரலைத்தான் எடுத்துப் போட்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைவேகம் அதிகம் என்பதால் 64 பிட் மதிப்பு ஒன்று 16 பிட் முழு எண்ணுக்குள் அடங்கவில்லை. இதைக் கேட்கும் மாணவர் கையில் இருப்பதும் அடுத்தவர் நிரல்தான். “இந்த ஃபங்ஷன் எந்த எண்வரை தாங்கும்?” என்று அவரே கேட்க ஆரம்பிப்பார்.

படி 3: தனி மதிப்பெண்

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இது. அணிக்கு ஒரே மதிப்பெண் போட்டால் உழைத்தவருக்கு அநியாயம். கமிட் (கிட்டில் பதியும் ஒவ்வொரு மாற்றமும்) எண்ணிக்கையைப் பார்த்துப் போடலாமே என்று தோன்றும், வேண்டாம். யார் எத்தனை கமிட் செய்தார் என்று காட்டும் கிட் ஷார்ட்லாக் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் ஒரே மாணவர் இரண்டு பேராக இருப்பார்: ஆய்வகக் கணினியில் ஒரு மின்னஞ்சல், மடிக்கணினியில் இன்னொன்று. (இரண்டு மின்னஞ்சலையும் ஒரே பெயரில் சேர்க்க மெயில்மேப் கோப்பு இருக்கிறது, முதல் வாரமே போட்டுவிடுங்கள்.) இருவர் சேர்ந்து எழுதியது தட்டச்சு செய்தவர் கணக்கில் ஏறும். கமிட்களை ஒன்றாகச் சுருக்கி (ஸ்குவாஷ்) இணைத்தால் பத்து கமிட் ஒன்றாகிவிடும். பயனரிடம் பேசித் தேவைகளைத் திரட்டியவர் பட்டியலிலேயே வரமாட்டார்.

பாதி மதிப்பெண்ணை அணிக்கும், மீதியை ஐந்து நிமிட நேர்முகத்துக்கும் ஒதுக்குங்கள். மாணவர் இணைத்த ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை), அவர் மதிப்பாய்வு செய்த ஒன்று, இரண்டையும் திறந்து வையுங்கள். ஒரு இஃப் வரியைக் காட்டி, “இதை எடுத்துவிட்டால் எந்தச் சோதனை தோற்கும்?” என்று கேளுங்கள். சோதனையின் பெயரைச் சொன்னாலும் சரி, “எதுவும் தோற்காது, அந்தச் சோதனையை நாங்கள் எழுதவில்லை” என்று கண்டுபிடித்தாலும் சரி, முழு மதிப்பெண். வேறு இடத்திலிருந்து எடுத்து ஒட்டியவர் இந்தக் கேள்வியில் நின்றுவிடுவார்.

அணிக்கு 4 அல்லது 5 பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும்.

படி 4: கருவிகள்

கிட், ஏதாவது ஒரு கிட் தளம், தானாக ஓடும் சோதனைகள். அவ்வளவுதான். மொழி, மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கட்டும். யுஎம்எல் (மென்பொருளின் வடிவமைப்பைக் காட்டும் வரைபடம்) வரையக் கனமான மென்பொருள் எதுவும் வேண்டாம். பலகையில் வரைந்து படம் எடுத்து, நிரல் இருக்கும் களஞ்சியத்தில் (ரெப்போ) போட்டால் போதும்.

பின்சேர்க்கை: 150 பேர் இருக்கும் வகுப்பில் நேர்முகம் நடக்குமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம். ஆய்வக நேரத்தில் மூன்று வாரங்களுக்குப் பரப்பி, உதவியாளர்களோடு பகிர்ந்துகொண்டால் சமாளிக்கலாம். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதி எல்லோரிடமும் கொடுத்துவிடுங்கள்.

கைமாறி வந்த நிரல் ஓடவே இல்லையென்றால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். ரொம்ப நியாயமான கேள்வி. கைமாற்றத்துக்கு முந்தைய வாரம், ரீட்மீயை மட்டும் பார்த்துப் புதுக் கணினியில் நிறுவி, சோதனைகளை ஓட்டிப் பாருங்கள். தேறாத நிரலுக்குப் பதிலாக, நீங்கள் தயாராக வைத்திருக்கும் சிறிய நிரல் ஒன்றை அடுத்த அணிக்குக் கொடுங்கள். மதிப்பெண் குறைவது எழுதிய அணிக்கு மட்டும்தான்.