டெகுபாஜ்: ஈரம் காயப் பொறுக்காமல் நாம் செய்யும் தவறுகள்

போன மார்கழி மழைக்குள் திருகோணமலை உப்புவெளி வீட்டு விறாந்தையில் இருந்து இரண்டு மரப்பெட்டிகளுக்குக் கடதாசிப் படங்கள் ஒட்டி முடித்தேன். இரவு எட்டு மணிக்குக் கடைசிப் பூச்சு. தொட்டுப் பார்த்தால் விரலில் ஒட்டவில்லை. சரி, காய்ந்துவிட்டது என்று ஒன்றின் மேல் ஒன்றை வைத்துவிட்டுப் படுத்தேன். விடிந்ததும் மேற்பெட்டியைத் தூக்கினால் கீழே இருந்ததும் சேர்ந்து வந்தது. இழுத்துப் பிரித்தபோது கீழ்ப்பெட்டி மூடியில் இருந்த மயிலின் தோகை முழுதாக மேற்பெட்டியின் அடியில் போய் ஒட்டியிருந்தது.

புதிதாகப் பழகுகிறவர்கள் என்னிடம் கொண்டுவந்து காட்டும் பழுதுகளில் பெரும்பாலானவற்றுக்கும் இந்த ஈரம்தான் காரணம். கை நன்றாக வெட்டியிருக்கும், படமும் அழகான படம். ஆனால் அரை மணி நேரம் பொறுக்கவேண்டிய இடத்தில் ஐந்து நிமிடத்தில் அடுத்த வேலையைத் தொடங்கியிருப்பார்கள்.

வெட்டி எடுத்த கடதாசி, துணித் துண்டுகளைப் பெட்டி, பேணி, போத்தல் மேல் ஒட்டி, தெளிந்த பூச்சைப் பலமுறை பூசி, படம் அந்தப் பொருளிலேயே வரைந்தது போலத் தெரியச் செய்வதுதான் டெகுபாஜ். வெட்டுதல் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். 18ஆம் நூற்றாண்டில் சீன, ஜப்பானிய அரக்குப் பூச்சுச் சாமான்களுக்கு ஐரோப்பாவில் பெரிய கிராக்கி இருந்தது. அவற்றைப் போலக் குறைந்த செலவில் செய்ய வெனிஸ் நகரக் கைவினைஞர்கள் இந்த வழியைப் பிடித்தார்கள். பழைய முறையில் செய்கிறவர்கள் 30, 40 பூச்சுகூடப் பூசுவதுண்டு. நமக்கு நாலைந்து பூச்சுப் போதும். ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது என்ற ஒழுங்கு மட்டும் மாறாது.

நம் கடைகளில் பைண்டர் கம் என்று கேட்டு வாங்கும் வெள்ளைப் பசை பிவிஏ (பொலிவைனைல் அசிடேட்) எனும் செயற்கைப் பசை வகை. அதில் உள்ள நீர் வெளியேறினால்தான் பசை இறுகும். மேற்பரப்பு முதலில் காய்ந்துவிடும், அடியில் நீர் நிற்கும். வாடைக்காற்று மழையோடு வரும் ஐப்பசியிலிருந்து தை வரை திருகோணமலைக் காற்றே நனைந்திருக்கிறது, அந்த நீர் எங்கே போகும்? விரலில் ஒட்டவில்லை என்பதை நம்பாதீர்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஆனி, ஆடியில் கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கும்போது கதை தலைகீழ். தூரிகையில் எடுத்த பசை படத்தை வைக்கும் முன்னே தோல் கட்டிவிடும், ஓரங்கள் மேலே சுருளும். அந்த நாட்களில் விடியற்காலையில் சன்னலைச் சாத்தி, விசிறியை நிறுத்தி, உள்ளங்கை அளவு இடத்துக்கு மட்டும் பசை பூசி ஒட்டுவதே நல்லது.

அதிகம் பேர் மனம் உடைந்துபோவது சுருக்கத்தில்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கடதாசி என்பது நுண்ணிய நார்களின் பின்னல். நீர் பட்டதும் ஒவ்வொரு நாரும் தடித்து, கடதாசி முழுவதும் சற்றுப் பெரிதாகிறது. மில்லில் செய்த கடதாசியில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருப்பதால் அந்தத் திசைக்குக் குறுக்கேதான் கூடுதலாக விரியும். உலர்ந்த படத்தைப் பசை மேல் வைத்து உடனே அழுத்தினால், ஒட்டிய பிறகும் அது விரியப் பார்க்கும். போக இடமில்லாமல் மேலே எழும்பும், அதுதான் சுருக்கம். ஆகவே படத்தின் பின்பக்கத்தில் பசையைப் பூசி ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள், முதலில் சுருளும், பிறகு தளர்ந்து படியும். விரிய வேண்டியது விரிந்து முடிந்துவிட்டது. இப்போது பொருளின் மேலும் மெல்லியதாகப் பசை பூசி, படத்தின் நடுப்பகுதியை முதலில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் காற்றைத் தள்ளுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் காற்று நடுவில் சிறைப்பட்டுவிடும். அப்படியும் ஒரு குமிழ் எழும்பினால் ஈரமாக இருக்கும்போது தோண்டாதீர்கள், நனைந்த கடதாசி கிழிந்துபோகும். முழுதாகக் காய்ந்த பிறகு பிளேட்டின் நுனியால் ஒரு சிறு கீறல் போட்டு, ஊசி முனையில் பசையை உள்ளே விட்டு அழுத்தினால் கீறல்கூடத் தெரியாது.

மெல்லிய கடதாசிக்கு மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் சேர்க்கலாம். அதற்கு மேல் தண்ணீர் விட்டால் மேலே சொன்ன விரிவு கூடும். துணிக்குத் தண்ணீர் சேர்க்கவே வேண்டாம். சிக்கனம் என்று கோதுமை மாவைக் காய்ச்சிப் பசை செய்கிறவர்களும் உண்டு. கரப்பானுக்கும் கடதாசி அரிக்கும் பூச்சிகளுக்கும் அது சாப்பாடு, ஒரு மாரிக்குள் பூஞ்சணமும் பிடித்துவிடும்.

எந்தக் கடதாசியை எடுப்பது என்பதிலும் பிழை நடக்கிறது. பத்திரிகைத் தாளை நனைத்தால் மறுபக்கத்து எழுத்து முன்னால் வந்து நிற்கும். ஒட்டும் முன் பின்பக்கத்தில் வெள்ளைப் பெயின்டை மெல்லப் பூசிக் காயவிட்டால் அது மறையும். கலியாணக் கார்ட் தடிப்பானது, அப்படியே ஒட்டினால் ஓரம் படி மாதிரி நிற்கும். மூலையை நகத்தால் கிளப்பி, அச்சுப் பதிந்த மேல்தாளை மட்டும் உரித்தெடுங்கள். கை துடைக்கும் பூப்போட்ட கடதாசிச் சேவியட்டில் இரண்டு மூன்று அடுக்கு இருக்கும், படம் உள்ள அடுக்கு மட்டும் போதும். வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் எடுத்த படத்தில் பசை பட்டதும் மை கரைந்து ஓடும். போட்டோகொப்பி, லேசர் பிரின்ட் ஓடாது. குடும்பப் படத்தின் மூலப் பிரதியையோ அம்மா கைப்பட எழுதிய கடிதத்தையோ தயவுசெய்து ஒட்டிவிடாதீர்கள். பிரதி எடுத்து அதை ஒட்டுங்கள், ஒட்டியதைத் திரும்ப எடுக்க முடியாது.

துணிக்கு வருவோம். தையல் கடைகளில் கேட்டால் வெட்டுத்துண்டு ஒரு பை நிறையத் தருவார்கள். அதில் பருத்தியை முதலில் பொறுக்குங்கள். பொலியெஸ்டர், ஜோர்ஜெட் பசையை உறிஞ்சாமல் வழுக்கும், ஓரம் திரும்பத் திரும்பக் கிளம்பும். சிவப்பு, கடும்நீலப் பருத்தியில் சாயம் போகும், ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிட்டு எடுங்கள். எல்லோரும் செய்யும் பெரிய தவறு, துணியை வெட்டிய பிறகு பசை பூசுவது. நூல் பிரிந்து ஓரம் தாடிபோல நிற்கும். முதலில் துணியைத் தேய்த்து மடிப்பு நீக்கி, பொலித்தீன் மேல் விரித்துப் பின்பக்கம் பசை பூசி, நன்றாகக் காயவிட்டு, பிறகு வெட்டுங்கள். துணி கடதாசி மாதிரியே விறைப்பாக, நூல் பிரியாமல் வெட்டுப்படும்.

பால்மாப் பேணியில் தொடங்குகிறவர்கள் அதிகம், நல்ல தொடக்கம்தான். ஆனால் எண்ணெய்ப் பசை போக சவர்க்காரத்தால் கழுவாமல், மண்கடதாசியால் உரசாமல் ஒட்டினால் சில வாரங்களில் தோல் உரிவது போல உரியும். கடலோரத்து உப்புக்காற்றில் தகரம் கெதியாகத் துருப்பிடிக்கும், அந்தக் கறை கடதாசிக்குள்ளால் வெளியே ஊறி வரும். துரு தடுக்கும் பிரைமர் ஒரு பூச்சு, அதன்மேல் வெள்ளைப் பெயின்ட் ஒரு பூச்சு கட்டாயம் வேண்டும். வெள்ளை இல்லாவிட்டால் பேணியின் பழைய எழுத்தும் படத்துக்குள்ளால் தெரியும்.

மேற்பூச்சுக்கு நீரில் கரையும் வார்னிஷ் பாவியுங்கள். எண்ணெய் வார்னிஷ் காலப்போக்கில் மஞ்சளாகும். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் பூசினால் பால்போன்ற மங்கல் படியலாம், ஒருநாள் தள்ளிப்போடுங்கள். உணவு படும் உட்பக்கத்திலோ சூடான பாத்திரம் வைக்கும் இடத்திலோ டெகுபாஜ் வேண்டாம்.

மயில் போன பெட்டியை நான் எறியவில்லை. பிய்ந்த இடத்தை மண்கடதாசியால் மட்டமாக்கி, அம்மம்மாவின் பழைய பருத்திச் சீலையில் ஒரு முந்தானைத் துண்டை மூடி முழுவதற்கும் ஒட்டினேன். இந்தமுறை ஒரு வாரம் விறாந்தையில் தனியாக வைத்துவிட்டுத்தான் உள்ளே எடுத்தேன்.