கரண்ட் வந்ததும் ஸ்மார்ட் லைட் தானாக எரிகிறதா? சரிசெய்யும் வழி

காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். வீட்டில் ஸ்மார்ட் பல்பு இருந்தால் கூடவே இன்னொரு தொல்லை: ஆப்பில் அணைத்துவிட்டுப் படுத்திருப்போம், நடுராத்திரி கரண்ட் வந்ததும் அறை முழுக்க வெளிச்சம். பல்பில் கோளாறு எதுவும் இல்லை. ஆப் வேலை செய்யாவிட்டாலும் சுவர் சுவிட்சைப் போட்டால் எரிய வேண்டும் என்று கம்பெனியிலேயே அப்படி வைத்து அனுப்புகிறார்கள். ஹப் (ஸ்மார்ட் லைட்டுகளை ஆப்போடு இணைக்கும் பெட்டி), ரூட்டர் எல்லாம் எழுந்து வர சில நிமிடமாவது ஆகும். பல்பு உடனே எரிந்துவிடும். அதனால் ஹப்பில் என்ன எழுதி வைத்தாலும் இதற்கு உதவாது, பல்புக்குள்தான் மாற்ற வேண்டும்.

1. பல்பில் மாற்றுங்கள்

பிலிப்ஸ் ஹியூ ஆப்பில் செட்டிங்ஸுக்குள் ‘பவர்-ஆன் பிஹேவியர்’ என்று இருக்கும். அதில் ‘பவர் லாஸ் ரெகவரி’யைத் தேர்ந்தெடுத்தால் கரண்ட் போகும்போது இருந்த நிலைக்கே பல்பு திரும்பும். ஸ்மார்ட் லைஃப் ஆப்பில் சேர்த்த பல்புகளில் ‘பவர்-ஆஃப் மெமரி’, ‘டூ நாட் டிஸ்டர்ப்’ என்று மாடலுக்கு ஒரு பெயர். ஜிக்பீ (வைஃபை இல்லாமல் ஹப் வழியாக இணையும் வயர்லெஸ் முறை) பல்புகளைக் கம்ப்யூட்டர் வழியாக இயக்கும் ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருள் வைத்திருப்பவர்கள் ‘பவர் ஆன் பிஹேவிய’ரில் ‘ப்ரீவியஸ்’ போடுங்கள்.

எல்லா அறைக்கும் ஒரே மாதிரி வைக்க வேண்டாம். படுக்கையறைக்குப் பழைய நிலை சரி. மாடிப்படிக்கும் பாத்ரூமுக்கும் ‘ஆன்’தான் நல்லது. பழைய நிலையில் வைத்த பல்பை ஆப்பில் அணைத்துவிட்டால், பாட்டி சுவர் சுவிட்சை அணைத்துப் போட்டாலும் அது எரியாது. வயதானவர்களை இருட்டில் படியிறங்க விடக் கூடாது.

2. பல்பு விடாமல் சிமிட்டினால்

எனக்கு அதிக நேரம் பிடித்தது இதுதான். கரண்ட் வந்த பிறகு பல்பு நிற்காமல் சிமிட்டிக்கொண்டே இருக்கும், ஆப்பில் பார்த்தால் ‘ஆஃப்லைன்’ என்று காட்டும். வைஃபை பல்புகள் பலவற்றில், சுவிட்சை 3 முதல் 5 தடவை வேகமாகப் போட்டு அணைத்தால் பழைய இணைப்பு அழிந்து, புதிதாகச் சேர்க்கும் நிலைக்குப் போய்விடும். கரண்ட் விட்டுவிட்டு வரும்போதும் அதேதான் நடக்கிறது. யாரோ சுவிட்சைத் தட்டுவதாகவே பல்பு எடுத்துக்கொள்ளும்.

ஆகவே கரண்ட் ஆட ஆரம்பித்ததும் லைட் லைனின் எம்சிபியை (மெயின் பாக்ஸில் இருக்கும் பிரேக்கர் சுவிட்ச்) இறக்கிவிடுங்கள், நிலையாக வந்த பிறகு ஏற்றுங்கள். அப்புறம் இன்னொன்று: அக்கம்பக்கத்து வீடுகளில் லைட் நிலையாக இருந்து, உங்கள் வீட்டில் மட்டும் ஆடினால் மெயின் பாக்ஸைச் சந்தேகப்படுங்கள். கடற்கரைக்குப் பக்கத்தில் உப்புக்காற்று பட்டு பியூஸ் கேரியரில் பச்சை பூத்துவிடும், ஒயர் பிடிக்கும் ஸ்க்ரூவும் லூஸாகும். நீங்களே கை வைக்காதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். லூஸ் கனெக்‌ஷன் சூடேறித் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

புதிதாக வாங்குபவர்களுக்கு என் சிபாரிசு ஹியூ. விலை அதிகம்தான், ஆனால் சுவிட்சைத் தட்டுவதால் அதன் இணைப்பு அழியாது. கரண்ட் இப்படி ஆடும் தெருவில் அந்தக் காசு வீண் இல்லை.

3. ரூட்டரும் ஹப்பும்

ரூட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வாங்கிவிடுங்கள். அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று படித்துவிட்டு அதற்கு ஏற்றதையே வாங்குங்கள். பல ரூட்டர்களுக்கு 12 வோல்ட், ஹப் 5 வோல்ட்டாக இருக்கலாம். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் பேக்கப் வேண்டும். ரூட்டர் செட்டிங்ஸில் ஹப்புக்கு நிரந்தர ஐபி (நெட்வொர்க் முகவரி) ஒதுக்கிவிடுங்கள், ரூட்டர் ரீஸ்டார்ட் ஆனாலும் அது மாறாது.

கரண்ட் வந்ததும் ஜிக்பீ பல்பு ஒன்று காணவில்லை என்றால் உடனே அழித்துவிட்டுத் திரும்பச் சேர்க்காதீர்கள். பத்து நிமிடம் பொறுங்கள், பெரும்பாலும் தானே வந்து சேரும்.

4. ஹோம் அசிஸ்டன்ட் இருந்தால்

ஹோம் அசிஸ்டன்ட் என்பது வீட்டு ஸ்மார்ட் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருள். அதில் ‘ஆள் நடமாட்டம் 5 நிமிடம் இல்லையென்றால் அணை’ என்ற ஆட்டோமேஷன் (தானாக நடக்கும் கட்டளை) பாதி எண்ணிக்கொண்டிருக்கும்போது ஹோம் அசிஸ்டன்ட் ரீஸ்டார்ட் ஆனால், அந்த எண்ணிக்கை போய்விடும். லைட் விடிய விடிய எரியும். இதற்குத் தனியாக ஒரு ஆட்டோமேஷன் எழுதுங்கள்: ஹோம் அசிஸ்டன்ட் ஸ்டார்ட் ஆனதும் 2 நிமிடம் காத்திருந்து, ஆள் இல்லாத அறைகளின் லைட்டை அணைக்க வேண்டும். அந்த 2 நிமிடத்தை விட்டுவிடாதீர்கள், சென்சார்கள் தகவல் அனுப்ப நேரம் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் எம்சிபியை இறக்கி, ஒரு நிமிடம் விட்டு ஏற்றிப் பாருங்கள். டக் டக்கென்று தட்டிச் சோதித்தால் இரண்டாவதில் சொன்ன சிக்கல் வந்துவிடும்.

பின்சேர்க்கை: பெரம்பூரிலிருந்து ஒருவர், இன்வெர்ட்டர் இருந்தும் ரூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதே என்று கேட்டிருந்தார். பல இன்வெர்ட்டர்களில் ‘யுபிஎஸ்’, ‘ஈகோ’ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ஈகோவில் இருந்தால் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் கூடுதல், அந்த இடைவெளியில் ரூட்டர் அணைந்துவிடலாம். யுபிஎஸ் பக்கம் தள்ளினார், இப்போது ரூட்டர் அணைவதில்லை என்கிறார்.