போதை சிகிச்சைக்குப் பையனைக் கூட்டிப் போகிறீர்களா? இதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்

பதினாறு வயதுப் பையனைக் கஞ்சாவுக்கோ வலி மாத்திரைக்கோ சிகிச்சை எடுக்க மதுரை பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனால், வீட்டார் முதலில் சொல்வது 'சேர்க்கை சரியில்லை சார்' என்பதுதான். அப்பா குடித்துவிட்டு பெல்ட்டால் அடித்தது, சின்ன வயதில் பட்டினி போட்டது, சொந்தக்காரர் ஒருவர் தொடக்கூடாத இடத்தில் தொட்டது, எதுவும் ஓ.பி. சீட்டில் ஏறுவதில்லை. 1998-ல் அமெரிக்காவில் பெரியவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், சிறுவயதில் இப்படி நான்கு வகைத் துன்பமாவது பட்டவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சிக்கான அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது.

அதனால் போகும்முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: என்ன நடந்தது, எந்த வயதில், செய்தவர் இப்போதும் வீட்டில் இருக்கிறாரா. அதை டாக்டரிடம் தனியாகக் கொடுங்கள். அடித்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பையனிடம் 'சொல்லுடா' என்று கேட்டால் அவன் வாயே திறக்க மாட்டான், அவனைத் தனியாகப் பார்க்கச் சொல்லிவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். வீட்டிலும் குடைந்து குடைந்து கேட்க வேண்டாம்.

பாலியல் தொல்லை என்று தெரிந்தால், 2012 போக்சோ சட்டப்படி டாக்டர் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். பதற வேண்டாம். உங்களுக்கும் அந்தக் கடமை உண்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

போதையை நிறுத்தியதும் பழசெல்லாம் மேலே வரலாம். ராத்திரி அலறி எழுவான், கதவு சாத்தும் சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடும், சிடுசிடுப்பான். இதைப் பலரும் திமிர் என்கிறார்கள். இத்தனை நாள் அந்தப் பயத்தை அமுக்கி வைத்ததே போதையாக இருக்கலாம், ஆகவே நடப்பதை அப்படியே கவுன்சிலரிடம் சொல்லுங்கள்.

'ரெண்டு தட்டு தட்டினால் திருந்திடுவான்' என்று சொல்லும் மையமாக இருந்தால் அப்போதே திரும்பிவிடுங்கள், அடி வாங்கி உடைந்தவனுக்கு இன்னும் அடி என்ன வைத்தியம்? மனநல மையத்தில் சேர்த்தால், 2017 மனநலச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பெரியவர்களோடு போடாமல் தனியாக வைக்க வேண்டும், வீட்டு ஆளோ அவர் ஏற்பாடு செய்யும் ஒருவரோ கூடவே இருக்க வேண்டும். இதை வாய்விட்டுக் கேளுங்கள்.

டிஸ்சார்ஜ் தேதிக்கு முன்பே அவன் எங்கே போய் இருப்பான் என்று முடிவு செய்யுங்கள். அப்பா இன்னும் குடிக்கிறார் என்றால் அவருக்கும் ஒரு சீட்டுப் போடுங்கள். வர மறுத்தால், கொஞ்ச நாள் மேலூரிலோ உசிலம்பட்டியிலோ இருக்கும் அத்தை வீட்டில் பையனை விடலாம், ஆனால் மாதாமாதம் செக்கப்புக்கு யார் கூட்டி வருவது என்பதை அத்தையிடம் முன்னாலேயே பேசிவிடுங்கள்.