பள்ளியில் துன்புறுத்தல்: புகார் வந்தபின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன்னைச் சிலர் தொடர்ந்து இழிவுபடுத்துவதாக ஒரு மாணவி ஆசிரியரிடம் சொல்கிறாள். ஆசிரியர், நல்லெண்ணத்தோடுதான், அந்தச் சிலரையும் அழைத்து அவளுக்கு எதிரே உட்காரவைத்து, ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்கச் செய்து, விவகாரம் முடிந்ததென்று அனுப்பிவிடுகிறார். தவிர்க்க வேண்டியவற்றுள் முதலாவது இந்தச் சமரசமே என்பது என் கருத்து. சண்டை, ஏறத்தாழச் சம வலிமையுள்ளவர்களிடையே மூள்வது; துன்புறுத்தல் அப்படியன்று. 1970களில் இதை முறையாக ஆராயத் தொடங்கிய உளவியலாளர் டான் ஓல்வியஸ், வேண்டுமென்றே செய்யப்படுவது, திரும்பத் திரும்ப நிகழ்வது, பாதிக்கப்படுபவர் எளிதில் தற்காத்துக்கொள்ள முடியாத அளவுக்கு வலிமையில் ஏற்றத்தாழ்வு இருப்பது ஆகிய மூன்றையும் அதன் அடையாளங்களாகக் கொண்டார். அந்த ஏற்றத்தாழ்வு சமரச அறைக்குள்ளும் தொடர்வதால், அங்கே அவள் சொல்லும் "சரி" பெரும்பாலும் அச்சத்தில் பிறந்ததாகவே இருக்கும். திரும்பத் திரும்ப நிகழ்வது ஓர் அடையாளம் என்பதற்காக, "இன்னொரு முறை நடக்கட்டும், பார்ப்போம்" என்று காத்திருப்பதும் பிழைதான். பாலியல் சீண்டலிலும் உடல் தாக்குதலிலும் ஒரே நிகழ்வு போதும்.

அடுத்த தவறு, "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்களிப்பது. காப்பாற்ற முடியாத வாக்கு அது. பாதுகாப்புக்குத் தேவையானவர்களிடம் மட்டும் தெரிவிப்பேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மையானது. வகுப்பாசிரியர், தலைமையாசிரியர், ஆலோசகர், பெற்றோர் என ஒவ்வொருவரும் நடந்ததை மறுபடி மறுபடி சொல்லவைப்பது குழந்தையை வதைப்பதோடு, அதன் நினைவையும் கலைக்கிறது. "அவன் உன்னை அடித்தான், இல்லையா?" என்பது விடையை உள்ளே வைத்த கேள்வி. அதற்குப் பதிலாக, "என்ன நடந்தது?" என்று கேட்டு, குழந்தையின் சொற்களை மாற்றாமல், தேதியும் நேரமும் சேர்த்து எழுதிவைக்க வேண்டும்.

புகார் செய்தவரையே வேறு வகுப்புக்கு மாற்றுவது நிர்வாகத்துக்கு எளிது. பார்க்கும் மற்ற மாணவர்களுக்கோ, வாய்திறந்தால் தண்டனை என்ற பாடம். இடமாற்றம் அவசியமானால் அது துன்புறுத்தியவருக்கே உரியது. பாதிக்கப்பட்டவர் தாமாக விரும்பினால் அது வேறு.

புகாருக்கு உள்ளானவர் பெரியவராக இருந்தால், பள்ளியின் நற்பெயரை எண்ணி உள்விசாரணையிலேயே முடித்துக்கொள்வது மிகக் கடுமையான தவறு. குழந்தையை உடனே அவரது தொடர்பிலிருந்து விலக்கிப் பாதுகாத்து, சட்டப்படி அறிவிக்க வேண்டிய அதிகாரிகளுக்குத் தாமதமின்றித் தெரிவிப்பதே பள்ளியின் வேலை. குற்றத்தை நிரூபிப்பது அதன் பொறுப்பன்று; நிரூபித்த பிறகே அறிவிப்போம் என்று காத்திருக்கக் கூடாது. இணையவழித் துன்புறுத்தலில் குறுஞ்செய்திகளை அழித்துவிடக் கூடாது. ஆனால் குழந்தையின் அந்தரங்கப் படங்களைச் சான்றுக்காகக்கூட நகலெடுக்கவோ, ஆசிரியர் குழுக்களில் பகிரவோ கூடாது, பகிர்வதே குற்றமாகலாம்.

தடுப்பு முயற்சிகளில், வேடிக்கை பார்ப்பவர்களை மறந்துவிடுகிறோம். கனடாவில் பள்ளி மைதானங்களில் நடப்பதைக் காணொளியாகப் பதிவுசெய்து 2001இல் வெளியான ஓர் ஆய்வில், துன்புறுத்தல் நிகழ்வுகளுள் 88 விழுக்காட்டில் சக மாணவர்கள் உடனிருந்தனர். தலையிட்டது 19 விழுக்காட்டில்தான். அப்படித் தலையிட்டவற்றுள் பாதிக்கும் மேற்பட்டவை பத்து நொடிக்குள் நின்றன. ஆகவே, துணிந்து தட்டிக்கேள் என்று பொதுவாக அறிவுறுத்துவதைவிட, பாதிக்கப்பட்டவரை அங்கிருந்து அழைத்துச் செல்லவும், பெரியவரிடம் தெரிவிக்கவும் பழக்குவது பயன்தரும்.

நடவடிக்கை எடுத்த அன்றே கோப்பை மூடிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. பழிவாங்கல் பெரும்பாலும் அதன் பிறகே, ஆசிரியர் கண்படாத கழிப்பறை வாசலிலும் பேருந்திலும் தொடங்கும் என்பதால், ஒரு வாரம் கழித்தும் ஒரு மாதம் கழித்தும் அந்த மாணவியைத் தனியே அழைத்து நிலைமையைக் கேட்கும் பொறுப்பை ஒரு குறிப்பிட்ட ஆசிரியரிடம் ஒப்படைத்திருக்க வேண்டும்.