கடலோரத் தூண்டிலுக்கு இயற்கை இரை: வாங்குவது முதல் முள்ளில் கோர்ப்பது வரை

கரையிலிருந்து தூண்டில் போடத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "எந்த இரைக்கு எந்த மீன் வரும்?" என்றுதான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் கைக்கு மீன் வராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வேறு. இரை பழையதாக இருக்கும், அல்லது கோர்த்த விதம் தப்பாக இருக்கும்.

இயற்கை இரையிடம் நாம் இரண்டு வேலை எதிர்பார்க்கிறோம். தண்ணீரில் வாசனை கசிய வேண்டும், அதற்குச் சதை மென்மையாக இருக்க வேண்டும். வீசும்போது கழன்றுவிடக் கூடாது, அதற்கு உறுதி வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. மத்தி மணக்கும், நிற்காது. கணவாய் நிற்கும், மத்தி அளவுக்கு மணக்காது. கீழே சொல்லும் எல்லாமே இந்த இழுபறியைச் சமாளிக்கும் வழிகள்தான்.

படி 1: இடத்தைப் பார்த்து இரையைத் தேர்ந்தெடுங்கள்

மீன் அந்த இடத்தில் தினமும் எதைத் தின்கிறதோ அதுதான் முதல் தேர்வு. திறந்த மணற்கரையில் அலை புரட்டிப்போடுவது கடல் புழு, மட்டி, சிறு மணல் நண்டு. அங்கே கிழங்கான் போன்ற சிறுவாய் மீன்கள் இவற்றைத்தான் தேடும். பாறையோரத்தில் நண்டும் பாறையில் ஒட்டிய சிப்பியும் எடுபடும். கழிமுகத்தில் இறாலை மிஞ்ச ஒன்றுமில்லை. பெரிய கொடுவாய்க்குக் காத்திருப்பவர்கள் அங்கே உயிருள்ள சிறு மடவை மீனைப் போடுவார்கள். ஆழமான துறைமுகச் சுவர், பாலம் போன்ற இடங்களில் கணவாய்ப் பட்டையும் மத்தித் துண்டும் போதும்.

முதல் நாளே நான்கு வகை வாங்கிக் குழம்ப வேண்டாம். இறால், கணவாய் இரண்டும் கையில் இருந்தால் எந்தக் கரையிலும் சமாளிக்கலாம்.

படி 2: புதிதா என்று பாருங்கள்

இறாலில் தலை கறுத்து, தொட்டவுடன் உடம்பிலிருந்து ஆடினால் விட்டுவிடுங்கள். கணவாய் வெள்ளையாக, லேசாக ஒளி ஊடுருவும்படி இருக்க வேண்டும். சதை முழுக்க ரோஸ் நிறம் ஏறியிருந்தால் அது பழசு. மத்தியைப் பொறுத்தவரை கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்க வேண்டும். வயிற்றை விரலால் அழுத்தினால் குழியாமல் எழும்ப வேண்டும். வயிறு வெடித்த மத்தி முள்ளில் இரண்டு நிமிடம்கூடத் தாங்காது.

"நாறினால் மீன் தேடி வரும்" என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். சில நண்டுகளும் கெளுத்தியும் வரலாம். மற்ற மீன்கள் பெரும்பாலும் புதிய இரையைத்தான் எடுக்கும்.

சமையலுக்கென விற்கும் இறக்குமதி இறாலைப் பச்சையாக இரைக்குப் போடுவதில் ஒரு ஆபத்து உண்டு. இறால்களைத் தாக்கும் வெண்புள்ளி நோயின் வைரஸ் உறைய வைத்தாலும் சாகாது, இரையோடு நீரில் பரவிவிடலாம். 2016-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லோகன் ஆற்றங்கரை இறால் பண்ணைகளில் இந்த நோய் கண்டறியப்பட்டது. சமையல் இறாலை இரையாகப் பயன்படுத்த வேண்டாம் என்று அங்குள்ள அரசு இன்றும் சொல்கிறது. இரைக்கென விற்கும் இறாலையோ, நீங்கள் தூண்டில் போடும் அதே நீரில் பிடித்த இறாலையோ பயன்படுத்துங்கள்.

படி 3: நீங்களே சேகரிப்பதானால்

முதலில் அந்தக் கரையில் எதை, எவ்வளவு எடுக்க அனுமதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல கடற்கரைகளில் புழுவுக்கும் மட்டிக்கும் எண்ணிக்கை வரம்பு உண்டு, சில இடங்களில் தோண்டவே தடை.

மணல் நண்டு எடுக்க, அலை பின்வாங்கும் ஈர மணலைக் கவனியுங்கள். தண்ணீர் வழிந்து இறங்கும்போது மணலில் சின்னச் சின்னதாக, கவட்டை போல் பிரிந்த நெளிவுகள் தெரியும். புதைந்த நண்டின் உணர்கொம்புகளில் தண்ணீர் பட்டுப் பிரிவதால் வருவது அது. அடுத்த அலை வருவதற்குள் அதற்குக் கீழே இரு கைகளாலும் மணலை அள்ளுங்கள். ஓடு மிருதுவாக இருப்பவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள், அவைதான் மீனுக்கு மிகப் பிடித்தவை. வாளித் தண்ணீரில் போட்டால் மூச்சுமுட்டிச் செத்துவிடும். ஈர மணலில் வைத்தால் நெடுநேரம் உயிரோடு இருக்கும்.

புழுவை வற்றத்தின்போது, அதாவது கடல்நீர் இறங்கியிருக்கும் நேரத்தில், தோண்டுங்கள். எடுத்தபின் குழியை மூடிவிட வேண்டும். அறுந்த புழுவை முழுப் புழுக்களோடு சேர்க்காதீர்கள், ஒன்று அழுகினால் எல்லாம் கெடும். கடல்நீரில் நனைத்த பாசியிலோ காகிதத்திலோ சுற்றிக் குளிர்ச்சியாக வையுங்கள். குழாய்த் தண்ணீர் பட்டால் செத்துப்போகும். பெரிய புழுக்கள் சிலவற்றுக்குத் தாடை உண்டு, கடிக்கும். உடம்பெல்லாம் வெள்ளை மயிர் போன்ற முடிகள் உள்ள புழுவை வெறுங்கையால் தொடவே வேண்டாம், அந்த முடிகள் தோலில் குத்தி எரியும்.

படி 4: மென்மையான இரையை உப்பில் இறுக்குங்கள்

மத்தி, மட்டிச் சதை, தோலுரித்த இறால் மூன்றையும் முந்தின நாளே உப்பிட்டு வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். உப்பு சதையிலிருந்து நீரை இழுப்பதால் சதை இறுகுகிறது.

1 கிலோ மத்திக்குச் சுமார் 300 கிராம் கல்லுப்பு எடுங்கள். மீனைத் துணியால் துடைத்து ஈரம் போக்குங்கள். அடியில் ஓட்டை உள்ள தட்டு அல்லது வடிகட்டியில் ஒரு வரிசை உப்பு, ஒரு வரிசை மீன் என அடுக்கி, கீழே பாத்திரம் வைத்து 24 மணி நேரம் ஃப்ரிட்ஜில் விடுங்கள். இடையில் ஒருமுறை புரட்டி, வடிந்த நீரைக் கொட்டுங்கள். வடியாமல் தேங்கினால் மீன் அந்தத் தண்ணீரிலேயே ஊறி மறுபடி குழைந்துபோகும், பலர் செய்யும் தப்பு இதுதான். இறாலுக்கும் மட்டிக்கும் ஒரு இரவு போதும். பிறகு உப்பைத் தட்டிவிட்டு, ஒரு தடவைக்குத் தேவையான அளவாகப் பைகளில் போட்டு உறைய வையுங்கள். உருகியதைத் திரும்ப உறைய வைத்தால் கூழாகிவிடும், ஆகவே பெரிய பையில் மொத்தமாகப் போடாதீர்கள்.

கணவாய்க்கு உப்பே வேண்டாம்.

படி 5: முள்ளின் அளவு

முள்ளின் எண்ணில் ஒரு குழப்பம் உண்டு. 6, 4, 2, 1 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். அதற்கு மேல் 1/0, 2/0, 3/0 என்று எண் கூடக் கூடப் பெரிதாகும்.

புழுவுக்கும் சிறு மட்டித் துண்டுக்கும் 6 அல்லது 4, நீளத் தண்டு முள். இறாலுக்கு 2 முதல் 1/0. கணவாய்ப் பட்டை, மத்தித் துண்டுக்கு 1/0 முதல் 3/0. உள்ளங்கை நீள உயிர் மடவைக்கு 4/0 முதல் 6/0. இரையை அளந்து முள்ளை எடுங்கள், கனவில் வரும் மீனை அளந்து அல்ல. இறால் துண்டில் 5/0 முள்ளைச் செருகினால் இரை கிழிந்து, முள்தான் கண்ணில் படும்.

நுனி உள்நோக்கித் திரும்பிய வட்ட முள் தொடக்கக்காரர்களுக்கு நல்லது. மீன் கொத்தியவுடன் கோலை வெட்டி இழுக்கக் கூடாது. தூண்டில் நரம்பு (கயிறு) இறுகியதும் நிதானமாக ரீலைச் சுற்றினால் முள் தானாக வாயோரத்தில் மாட்டும். மீன் முள்ளை விழுங்குவதும் குறையும்.

படி 6: கோர்ப்பது

எல்லா இரைக்கும் பொதுவான இரண்டு விதி. முள்ளின் நுனி வெளியே தெரிய வேண்டும். இரை நேராகத் தொங்க வேண்டும். வளைந்த இரை தண்ணீரில் பம்பரமாகச் சுற்றி நரம்பை முறுக்கிவிடும்.

செத்த இறால்: தலையைக் கிள்ளுங்கள். வால் விசிறியையும் ஒடித்துவிடுங்கள், சுற்றுவதற்குக் காரணமே அதுதான். வால் முனையில் நுழைத்து, உடலின் வளைவோடு முள்ளைத் தள்ளிக்கொண்டே போய், வயிற்றுப் பக்கம் நுனியை வெளியே எடுங்கள். சின்ன மீன்கள் பிய்க்கும் இடமென்றால் ஓடு இருக்கட்டும். வாசனை வேண்டுமென்றால் உரியுங்கள்.

உயிர் இறால்: தலையில் உள்ள கொம்புக்குக் கீழே, உள்ளே தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல், குறுக்காக ஒரு குத்து. அந்தப் புள்ளியில் முள் பட்டால் இறால் உடனே சாகும்.

கணவாய்: தலையை இழுத்தால் குடலும் சேர்ந்து வரும். உள்ளே கண்ணாடி போன்ற மெல்லிய தண்டை உருவி எடுத்து, குழாயை ஒரு பக்கம் கீறித் தட்டையாக விரியுங்கள். 8 செ.மீ. நீளம், ஒரு முனை 1.5 செ.மீ. அகலம், மறுமுனை கூர்மை என்று பட்டைகளாக நறுக்குங்கள். அகலமான முனையில் ஒரு குத்து, 1 செ.மீ. தள்ளி இன்னொரு குத்து, அவ்வளவுதான். மீதி ஆடட்டும். முள் முழுவதும் சுருட்டிக் குத்தினால் கணவாய் ரப்பர் கட்டிபோல் நுனியை மூடிவிடும், மீன் கடித்தாலும் முள் ஏறாது. தலையையும் கைகளையும் எறிந்துவிடாதீர்கள், அதுவே தனி இரை.

மத்தி: கூர்மையான கத்தியால் வால் துடுப்பை வெட்டிவிட்டு, குறுக்காகப் பாதியாக்குங்கள். முள் எப்போதும் தோலைத் துளைத்துப் போக வேண்டும். பிடிமானம் தோலில்தான், சதையில் இல்லை. பிறகு இரை கட்டும் மெல்லிய எலாஸ்டிக் நூலால் 10 முதல் 12 சுற்று, கொஞ்சம் இழுத்துச் சுற்றுங்கள். முடிச்சு தேவையில்லை, நூலை அறுத்தால் தானே ஒட்டிக்கொள்ளும். மட்டிச் சதைக்கும் இதே கட்டுதான். மட்டியில் நாக்கு போல் கெட்டியாக உள்ள பகுதியில் முள் போக வேண்டும்.

நண்டு: கொடுக்கை எடுத்துவிட்டு, பின்கால் சேரும் மூட்டுக் குழியில் நுழைத்து ஓட்டின் ஓரமாக நுனியை வெளியே விடுங்கள். பெரிய நண்டென்றால் பாதியாக வெட்டுங்கள், சாறு கசியும்.

புழு: விரலைக் காய்ந்த மணலில் தொட்டுக்கொண்டால் வழுக்காது. தலையிலிருந்து முள்ளின் தண்டு முழுதும் ஏற்றி, 2 முதல் 3 செ.மீ. தொங்க விடுங்கள்.

உயிர் மடவை: ஓட்டம் உள்ள இடத்தில் மேலுதட்டில் குத்துங்கள். நீர் நின்ற இடத்தில் முதுகுத் துடுப்புக்குச் சற்றுப் பின்னே, தோலுக்குக் கொஞ்சம் கீழாக. ஆழமாகப் போய் முதுகெலும்பைத் தொட்டால் நீந்தாது.

படி 7: வீசுங்கள், திரும்ப எடுத்துப் பாருங்கள்

தொடக்கத்துக்கு எளிய அமைப்பு: நரம்பில் ஓடும் ஈயக்குண்டு, ஒரு ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு), அதன்பின் 40 முதல் 60 செ.மீ. லீடர் (முள்ளைக் கட்டும் தனி நரம்புத் துண்டு), முள். அலை குறைந்த இடத்தில் 30 கிராம் ஈயம் போதும், மணற்கரையில் 60 முதல் 90 கிராம் வரை தேவைப்படும். கோலை வெடுக்கென்று உதறாமல், சீராக வேகம் ஏற்றி வீசுங்கள். உதறினால் ஈயம் ஒரு பக்கமும் இரை வேறு பக்கமும் பறக்கும்.

முதல் 15 நிமிடத்தில் கொத்தாவிட்டாலும் எடுத்துப் பாருங்கள். திரும்பி வரும் இரை நிறையச் சொல்லும்.

வெளுத்து, வாசனையே இல்லாமல் வந்தால் சாறு கரைந்துவிட்டது. அப்படியே திரும்ப வீசுவது வீண், மாற்றுங்கள். சதை போய்த் தோல் மட்டும் இருந்தால் சின்ன மீன் பொறுக்குகிறது. முள்ளைச் சிறிதாக்குங்கள், அல்லது இறாலுக்குப் பின்னால் அதே முள்ளில் ஒரு கணவாய்த் துண்டு ஏற்றுங்கள். இறாலைத் தின்றுவிட்டுப் போனாலும் கணவாய் முள்ளில் மீதியிருக்கும். ஓரமெல்லாம் நைந்து பிய்ந்திருந்தால் நண்டு. லீடரில் முள்ளுக்கு மேலே சிறு தக்கை கட்டி இரையை அடியிலிருந்து தூக்குங்கள். அரைவட்டமாக, கத்தியால் வெட்டியதுபோல் கடித்திருந்தால் அல்லது நரம்பே சுத்தமாக அறுந்து வந்தால் பேத்தை போன்ற பல்லுள்ள மீன் இருக்கிறது. அந்த இடத்தைவிட்டு 20 மீட்டர் நகருங்கள். இரை போட்டபடியே புதுசாக வந்தால் இரையில் குறை இல்லை, இடத்தையோ தூரத்தையோ மாற்றுங்கள்.

கரையில் இரையைப் பாதுகாப்பது

ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஆனால் உருகிய ஐஸ் தண்ணீரில் மிதக்க விடாதீர்கள். நல்ல தண்ணீர் பட்டால் சதை ஊறி வெளுக்கும். பையில் கட்டி ஐஸின் மேல் வைப்பதே சரி. வெளியே எடுப்பது ஒருமுறைக்கு ஐந்தாறு துண்டு, மீதி நிழலில் மூடியிருக்கட்டும். இரையைக் கழுவ வேண்டியிருந்தால் கடல்நீரில் மட்டும். வெயில் கிரீம், பெட்ரோல், கொசு மருந்து தொட்ட கையோடு இரையைத் தொடாதீர்கள். உயிர் மீனுக்கு பேட்டரி ஏரேட்டர் உள்ள வாளி வேண்டும். கூட்டம் சேர்க்காமல் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். மேற்பரப்பில் வந்து வாய் திறந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

கெளுத்தி மாட்டினால் முதுகு முள்ளும் பக்க முள்ளும் விஷமுள்ளவை. துணியோ இடுக்கியோ கொண்டு பிடியுங்கள். குத்திவிட்டால் தோல் வேகாத அளவுக்குத் தாங்கக்கூடிய வெந்நீரில் அந்த இடத்தை முக்கி வைத்தால் வலி குறையும். முள் உள்ளே ஒடிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போக வேண்டும்.

மிச்சமான உயிர் இரையை வேறு கழிமுகத்திலோ குளத்திலோ விடாதீர்கள், நோயும் புதிய இனமும் பரவ அதுவே வழி. மிஞ்சிய இறாலையும் அதன் தலை, ஓட்டையும் கட்டிக் குப்பையில் போடுங்கள். உப்பிட்ட மத்தி மிஞ்சினால் மறுபடி உப்புத் தூவி ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டொரு நாளில் பயன்படுத்திவிடுங்கள்.